பழைய லேப்டாப்பில் பெயருக்கு எவ்வளவு விலை?

மகன் இந்த ஆண்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான், அவனுக்குப் பழைய லேப்டாப் ஒன்று தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. மூன்றும் 2020-இல் வந்தவை, மூன்றிலும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்பட்ட, இன்டெல்லின் ஐ5 சிப் உள்ள ஒரு லேப்டாப்புக்கு 19,000 ரூபாய் கேட்கிறார்கள். அதே தலைமுறை ஐ5 உள்ள திங்க்பேட் டி14-க்கு 27,000. மேக்புக் ஏருக்கு 43,000. "உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்று என்றால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் மூடியில் இருக்கும் பெயருக்குத்தானே? ஐந்தாறு வருடம் ஓடித் தேய்ந்த பொருளுக்குப் பெயர் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. புதிதாக விற்கும்போது சில லேப்டாப்புகளுக்கு ஏன் விலை கூடுதல் என்பது ஒன்று. விளம்பரமும் பளபளப்பும் போன பிறகும் அந்த வித்தியாசம் ஏன் போகாமல் நிற்கிறது என்பது மற்றொன்று. உங்கள் பணம் மாட்டியிருப்பது இரண்டாவதில். அதற்குப் பதில் சொல்ல முதலாவதையும் கொஞ்சம் தொட வேண்டியிருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் சென்னை ரிச்சி தெருவில் போர்டு பழுதுபார்க்கும் மேசை. பிறகு மதுரையில் சொந்தக் கடை. பழுதும் பார்க்கிறேன், பழையதை வாங்கி விற்கவும் செய்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மேசைக்கு வருபவை கெட்டுப்போனவையும் கைமாறுபவையும் மட்டும்தான். வாங்கிய நாளிலிருந்து மக்கர் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை நான் பார்க்கவே மாட்டேன். ஆகவே "இந்த பிராண்டில் நூற்றுக்கு இத்தனை கெடுகிறது" என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். வேறு கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். எது எப்படிக் கெடுகிறது, கெட்டால் எவ்வளவு செலவில் மீள்கிறது, எதைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள் என்பதைத்தான் என்னால் துணிந்து சொல்ல முடியும்.

முதலில், பழைய சந்தை பிராண்டைப் பார்த்து விலை வைப்பதில்லை, வரிசையைப் பார்த்து வைக்கிறது. டெல்லில் இன்ஸ்பிரான் என்று ஒரு வரிசை, லாட்டிட்யூட் என்று ஒரு வரிசை. எச்பியில் பெவிலியன் ஒன்று, எலைட்புக் ஒன்று. லெனோவாவில் ஐடியாபேட், திங்க்பேட். ஒவ்வொரு ஜோடியிலும் முன்னது கடையில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பது, பின்னது அலுவலகங்களுக்கு விற்பது. கம்பெனி ஒன்றுதான், பழைய சந்தையில் விலை வேறு. இதற்குத் திங்க்பேடை விட நல்ல சாட்சி கிடையாது. அந்த வரிசையை 1992-இல் தொடங்கியது ஐபிஎம். 2005-இல் ஐபிஎம் தன் கணினித் தொழிலை லெனோவாவுக்கு விற்றுவிட்டது. மூடியில் இருந்த கம்பெனிப் பெயர் மாறியது, தயாரிக்கும் நாடு பற்றிய முணுமுணுப்பும் எழுந்தது. ஆனாலும் கறுப்பு உடலும் கீபோர்டு நடுவில் சிவப்புப் பொட்டும் வைத்த அந்த வரிசைக்குப் பழைய சந்தையில் மவுசு போகவில்லை. அதே லெனோவாவின் மற்ற வரிசைகளுக்கு அந்த மவுசு வரவும் இல்லை. பெயர்தான் விலையைத் தூக்கிப் பிடிக்கிறது என்றால் இது நடந்திருக்காது.

ஒரே தொழிற்சாலையில் செய்வதுதானே என்றும் பலர் கேட்பார்கள். அது பெரும்பாலும் உண்மை. உலகின் லேப்டாப்புகளில் பெரும்பகுதியைச் செய்து தருவது குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான் போன்ற சில தைவான் நிறுவனங்கள்தான். மேக்புக் செய்யும் குவாண்டாவே வேறு பல பெயர்களுக்கும் செய்து தருகிறது. ஆனால் ஒரே தையற்காரரிடம் போனாலும், துணியை எடுத்துக் கொடுப்பது நாம்தானே. என்ன தகடு, என்ன கீல், எத்தனை திருகு, எந்த வகைத் திரை என்பதை ஆர்டர் கொடுக்கும் கம்பெனி தீர்மானிக்கிறது. வித்தியாசம் அந்த இடத்தில் பிறக்கிறது.

கண்ணால் பார்த்தால்தான் புரியும் என்பதால் ஒன்றைக் காட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி நான்கு வருட லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த நோய் எல்லாப் பெயரிலும் உண்டு. மூடியைத் திறக்கும்போது வலது மூலையில் கட்டெறும்பு நசுங்குவது போல ஒரு சத்தம், கூடவே திரையின் ஓரம் வாய் பிளந்தது. பிரித்துப் பார்த்தால் கீல் நன்றாகத்தான் இருக்கிறது. ஹிஞ்ச் என்று நாங்கள் சொல்லும் அந்த எஃகுத் துண்டுக்கு எதுவும் ஆகவில்லை. அதைப் பிடித்திருந்த இடம்தான் போய்விட்டது. பிளாஸ்டிக் உடலில் மிளகு அளவுக்குப் பித்தளை நட்டுகளைச் சூடு பண்ணி இறக்கியிருப்பார்கள். கீலின் திருகுகள் அவற்றில்தான் ஏறும். கீலில் தூசி சேர்ந்து நாளாக நாளாக இறுகும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இறுக்கம் பித்தளை நட்டைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஒரு நாள் மூன்று நட்டும் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கோடு உதிர்ந்து, என் உள்ளங்கையில் உதிர்ந்த பல்லைப் போல விழுந்தன. மதர்போர்டு சரி, ரேம் சரி, எஸ்எஸ்டி சரி. ஆனால் மூடியோடு சேர்ந்து திரையின் கேபிளும் அறுபட்டிருந்தது. எபாக்ஸி வைத்து ஒட்டலாம், ஒட்டினேன். அது எத்தனை மாதம் தாங்கும் என்று அந்தப் பெண்ணிடம் உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலக வரிசைகளில் அநேகமாக அதே கீல் ஓர் உலோகச் சட்டத்தில் ஏறியிருக்கும். இறுகினாலும் பிடுங்குவதற்கு அங்கே பிளாஸ்டிக் இல்லை.

அந்தச் சட்டத்துக்கு ஆகும் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்பது என் கணிப்பு. பிறகு ஏன் எல்லாரும் அதைப் போடுவதில்லை? வாங்குகிறவர் யார் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. கடைக்கு வரும் அப்பாவும் மகனும் விலைச்சீட்டில் எதைப் படிக்கிறார்கள்? ஐ5-ஆ, ரேம் எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை, எவ்வளவு தள்ளுபடி. கீல் எதில் ஏறியிருக்கிறது என்று எந்தச் சீட்டிலும் அச்சடிப்பதில்லை. ஆகவே 50,000 ரூபாய்க்குள் விற்க வேண்டிய லேப்டாப்பில், பணம் முழுவதும் சீட்டில் அச்சாகும் பொருள்களுக்குப் போய்விடுகிறது. அச்சாகாத இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள்: திரையின் வெளிச்சம், கீபோர்டின் அடித்தகடு, சார்ஜர் செருகும் துளை, சூட்டை இழுக்கும் செப்புக் குழாய். அலுவலகத்துக்கு வாங்குகிறவர் வேறு ஆள். இரண்டாயிரம் லேப்டாப்புக்கு ஆர்டர் கொடுக்கும் கொள்முதல் அதிகாரி அவர். மூன்று வருடத்துக்கு, பழுதானால் இருக்கும் இடத்துக்கே ஆள் வந்து சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார். அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கீல் முறிவும் தயாரித்தவர் தலையில் விழுகிறது. அதனால்தான் அங்கே உலோகச் சட்டம் வருகிறது, தண்ணீர் கொட்டினால் போர்டுக்குப் போகாத கீபோர்டு வருகிறது, அடிமூடியைக் கழற்றும்போது கீழே விழாமல் மூடியிலேயே நிற்கும் திருகுகள் வருகின்றன. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியலாம். ஒரு நாளைக்கு எட்டு லேப்டாப் திறக்கிறவனைக் கேளுங்கள், அந்தத் திருகுக்கு எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறான் என்று.

பழைய சந்தையில் இது இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்தில் லேப்டாப்புகளை மொத்தமாக மாற்றுகின்றன. ஒரே மாடலில் நூற்றுக்கணக்கில் லாட்டாக வெளியே வருகிறது. வரத்து இவ்வளவு இருந்தால் விலை விழ வேண்டும், விழவும் செய்கிறது. இங்கேதான் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். டி14-க்கு 27,000 கேட்கிறார்கள் என்று மலைக்கிறீர்கள். அது புதிதாக இருந்தபோது, நீங்கள் பார்த்த முதல் லேப்டாப்பின் விலையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விகிதம் போட்டுப் பார்த்தால் மூன்றிலும் அதிகம் இறங்கியிருப்பது டி14-தான். முதல் ஆள் கட்டிய பெரிய தொகையின் பலனைக் கால் பங்கு விலைக்கு நீங்கள் வாங்குகிறீர்கள். அலுவலக லேப்டாப்புகள் பழைய சந்தையில் விலை அதிகம் என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது. வீட்டு வரிசையோடு பக்கத்தில் வைத்தால் அதிகம், அவற்றின் சொந்த விலையோடு வைத்தால் குறைவு.

அந்த வரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நூறு லேப்டாப் கொண்ட லாட்டில் பத்துப் பன்னிரண்டு உயிரில்லாமல் வரும். அவற்றின் திரை, கீபோர்டு, ஃபேன், கீல், அடிமூடி எல்லாம் மற்றவற்றுக்கு மருந்து. திங்க்பேடில் டி480 என்ற 2018-ஆம் ஆண்டு மாடலுக்கு இன்றைக்கும் எந்தப் பாகம் கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் என்னால் வரவழைக்க முடியும். அதோடு, எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படம் போட்ட பராமரிப்புக் கையேட்டை அந்த வரிசைக்குக் கம்பெனியே எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டு வைத்திருக்கிறது. வீட்டு வரிசையிலோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாடல் மாறும், மூடியின் வளைவு மாறும், கீபோர்டின் கேபிள் நீளம் மாறும். இருநூறு ரூபாய் பாகம் கிடைக்காமல் இருபதாயிரம் ரூபாய் பொருள் மூலையில் கிடப்பதை மாதம் இரண்டு முறையாவது பார்க்கிறேன். ஆக, பழைய லேப்டாப்பில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி, கெட்டால் மீட்க முடியும் என்பதற்கான விலை.

இதன் மறுபக்கத்துக்கு சோனி வையோவைச் சொல்ல வேண்டும். ரிச்சி தெருவில் நான் இருந்த காலத்தில் வையோ கையில் இருந்தாலே தனி மதிப்பு. திரையும் நன்றாக இருக்கும், எடையும் குறைவு, புது விலையும் அதற்கேற்ப. 2014-இல் சோனி தன் கணினித் தொழிலை ஜப்பான் இண்டஸ்ட்ரியல் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. அதற்குப் பிறகு அந்த லேப்டாப்புகள் ஒரே இரவில் மோசமாகிவிடவில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓடியது. ஆனால் அசல் பேட்டரியும் கீபோர்டும் வருவது குறையக் குறைய, வாங்க வந்தவர்கள் கை வைக்கத் தயங்கினார்கள், விலை இறங்கியது. பெயரின் பெருமை முழுதாக இருக்கும்போதே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி மேக்புக். இது வேறு கதை, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. முதலில் புது விலை. ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1-ஓடு மேக்புக் ஏர் 2020 நவம்பரில் வந்தபோது அமெரிக்காவில் 999 டாலர், விற்பனை வரி தனி. இந்தியாவில் வரியோடு சேர்த்து 92,900 ரூபாய். டாலர் அப்போது சுமார் 74 ரூபாய். 999 டாலர் என்றால் 74,000 சொச்சத்துக்குள் அடங்கும். லேப்டாப்புக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை கிடையாது, 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்தால் 87,000 ரூபாய். மிச்சம் ஆறாயிரத்துக்குள் நின்றுவிடுகிறது. இந்தியாவில் மட்டும் அநியாய விலை என்று சொல்வது அந்த மாடலுக்குப் பொருந்தாது. ஆனால் ஆப்பிள் எங்கே பிடிக்கிறது என்றால், கூடுதல் ரேமில். 8 ஜிபியை 16 ஜிபி ஆக்க அமெரிக்காவில் 200 டாலர், இங்கே 20,000 ரூபாய். அந்த விலைக்கு எந்த உற்பத்திச் செலவும் சமாதானம் ஆகாது. ரேம் போர்டோடு சேர்ந்தது, பின்னால் மாற்ற முடியாது, மேக்கின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கொடுக்க வேறு கடையும் இல்லை என்பதால்தான் கேட்க முடிகிறது. விண்டோஸ் லேப்டாப் விற்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எல்லாரும் அதே விண்டோஸையும் அதே இன்டெல்லையும் வைத்து விற்பதால், பத்து ரூபாய் கூட்டினால் வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

ஐந்தாறு வருடம் கழித்தும் 43,000 கேட்க முடிவதற்கு எனக்கு உறுதியாகத் தெரியும் காரணங்கள் மூன்று. மாடல்கள் மிகக் குறைவு. "எம்1 ஏர், 8 ஜிபி" என்று சொன்னால் மதுரையிலும் மும்பையிலும் ஒரே பொருள்தான், விலை விசாரிப்பது சுலபம், ஏமாறுவது கடினம். ஆப்பிள் பல வருடங்கள் தன் புது லேப்டாப்புகளைக் குறைந்த விலைக்கு விற்காமலே இருந்தது. புதியதன் தரைவிலை உயரத்தில் இருந்தால் பழையதும் உயரத்தில்தான் நிற்கும். மூன்றாவது, அந்த எம்1 சிப்பே. ஃபேன் இல்லாமல், சூடாகாமல், சார்ஜர் இல்லாமல் நாள் முழுவதும் ஓடிய அந்த மாடல் தன் காலத்தைத் தாண்டி முன்னே நின்றது, இன்றைக்கும் சாதாரண வேலைக்குத் தடுமாறுவதில்லை. 2025-இல் வந்த டஹோ என்ற மேக் ஆப்பரேட்டிங் சிஸ்டப் பதிப்பும் அதில் ஓடுகிறது.

ஆப்பிள் என்ற பெயர் மட்டுமே விலை என்று நினைப்பவர்களுக்கு அதே 2020-இலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. அந்த ஆண்டு மேக்புக் ஏர் இரண்டு முறை வந்தது. மார்ச் மாதம் இன்டெல் சிப்போடு ஒன்று, நவம்பரில் எம்1 சிப்போடு ஒன்று. தோற்றம் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், மூடியில் அதே ஆப்பிள் படம். மார்ச்சில் வந்ததற்கு டஹோ கிடையாது. இன்டெல் சிப்புள்ள மேக்குகளில் ஒரு சிலவற்றை மட்டும் டஹோவில் சேர்த்துக்கொண்டு, இன்டெல்லுக்கு இதுவே கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. பழைய சந்தையில் இந்த இரட்டையர்களின் விலை வெகுதூரம் பிரிந்து கிடக்கிறது. நீங்கள் பார்த்த 43,000 ரூபாய் ஏர் இவற்றில் எது என்று எழுதவில்லை. இன்டெல் என்றால் அந்த விலை பகல் கொள்ளை. மெனுவில் "இந்த மேக்கைப் பற்றி" என்ற இடத்தில் சிப்பின் பெயர் இருக்கும், கட்டாயம் பாருங்கள். இதே போல 2015 முதல் 2019 வரை வந்த பல மேக்புக்குகளில் பட்டர்ஃபிளை கீபோர்டு இருந்தது. தூசி புகுந்தால் எழுத்து விழாமலும் இரண்டு முறை விழுந்தும் தொல்லை கொடுத்ததால் 2018-இல் ஆப்பிளே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அந்த மாடல்களும் ஆப்பிள்தான். அவற்றைப் பழையதாக வாங்க வருபவர்கள் மிகக் குறைவு.

மேக்கைப் பற்றி ஒரு பழுதுபார்ப்பவனாக எனக்கு இருக்கும் பெரிய குறையையும் சொல்லிவிடுகிறேன். எம்1 ஏரில் ரேமோடு சேமிப்புச் சிப்பும் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. போர்டு போனால் உள்ளே இருக்கும் படங்களும் பாடங்களும் சேர்ந்தே போகும்; கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டிப் படிக்க வழி கிடையாது. கடைசியாக விற்ற நாளிலிருந்து ஐந்து வருடம் ஆனால் "விண்டேஜ்", ஏழு வருடம் ஆனால் "வழக்கொழிந்தது" என்று ஆப்பிள் தன் பொருள்களை வகைப்படுத்துகிறது. அதன் பிறகு அங்கே பாகங்களை எதிர்பார்க்க முடியாது. டி14-இல் எஸ்எஸ்டி ஒரே திருகில் கையோடு வரும்.

மென்பொருள் ஆயுளைப் பற்றிச் சொன்னேன். அது மேக்குக்கு மட்டும் உரியதல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த சிப் வேண்டும். இதனால் திங்க்பேடில் ஏழாம் தலைமுறையோடு வந்த டி470-உம் எட்டாம் தலைமுறையோடு வந்த டி480-உம் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தும் விலையில் விலகிவிட்டன. இங்கே ஒரு சந்தேகத்தையும் பதிவு செய்கிறேன். எட்டாம் தலைமுறையில்தான் மெல்லிய லேப்டாப்புகளின் ஐ5, கோர் என்று சொல்லும் கணக்கிடும் பகுதி இரண்டிலிருந்து நான்குக்கு மாறியது. ஆகவே விலை விலகியதில் விண்டோஸின் பங்கு எவ்வளவு, வேகத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கோட்டில் வந்து விழுந்துவிட்டன.

அப்படியானால் பெயருக்கு விலையே இல்லையா? உண்டு. வீட்டு வரிசைகளுக்குள்ளேயே ஒரே சிப், ஒரே நிலை, வேறு வேறு பெயர் என்று வரும்போது ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் மேலே கீழே போவதைப் பார்க்கிறேன். அதிலும் பாதி, ஊரில் அந்த பிராண்டுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். சென்னையில் நன்றாக விலை போகும் சில பிராண்டுகள் இங்கே தேங்கி நிற்பதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்; இது அனுபவக் கணிப்பு, அளந்து பார்த்தது அல்ல. மேக்குக்குப் பெயரின் பங்கு இதைவிட அதிகம். வேலைக்கு அவசியமே இல்லாமல், கூடப் படிப்பவர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகக் கேட்டு வரும் பிள்ளைகள் உண்டு. அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். அது விலையில் எத்தனை ரூபாய் என்றுதான் பிரிக்க வராது. ஒன்று மட்டும் உறுதி: அந்த ஆசையை அடுத்தவருக்கும் விற்க முடியும். இரண்டு வருடம் கழித்து மேக்கை விற்கப் போனால் போட்டதில் நல்ல பங்கு திரும்பி வரும்; முதல் லேப்டாப்பைக் கொண்டுபோனால் "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்" என்பார்கள்.

கடைசியாக ஒரு காரணம், இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய பொருளில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. தண்ணீர் விழுந்ததா, போர்டில் கை வைத்தார்களா, திருடியதா என்ற பயத்துக்கு வாங்குபவர் விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார். எந்த லேப்டாப்பில் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறதோ அதன் விலை நிற்கிறது. டெல்லின் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்கை வைத்து அது எந்த வாரண்டியோடு விற்றது என்று பார்க்கலாம். லெனோவாவிலும் ஆப்பிளிலும் வரிசை எண்ணை வைத்துப் பார்க்கலாம். மேக்கில் பேட்டரி முழுதாக ஏறி இறங்கிய சுற்றுகள் எத்தனை என்பது எண்ணாகவே தெரியும். இப்போதைய மேக்புக்குகளுக்கு ஆயிரம் சுற்று என்பது ஆப்பிள் வைத்திருக்கும் வரம்பு. ஆனால் சொந்தக்காரரைக் காக்கும் இது போன்ற ஏற்பாடு, தவறாகக் கைமாறிய பொருளை வெறும் கல்லாக்கிவிடும். ஓர் அப்பா எங்கோ முப்பதாயிரத்துக்கு வாங்கிய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். இரண்டு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. மகள் ஏதோ கோளாறு என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருக்கிறாள். திரும்பத் திறந்தபோது, இந்தக் கணினி இன்ன நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது, அவர்களுடைய பயனர் பெயரைக் கொடு என்று கேட்டபடி நின்றுவிட்டது. விற்றவர் போனை எடுக்கவில்லை. என்னாலும் எதுவும் செய்ய முடியவில்லை, செய்யவும் கூடாது. அது அந்த நிறுவனத்தின் சொத்தாகவே இன்னும் இருக்கலாம். அந்த அப்பா அரை மணி நேரம் கடைப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

உங்கள் மூன்றுக்கு வருகிறேன். மகன் மெக்கானிக்கல் என்பதால் மேக்கை விட்டுவிடுங்கள், எம்1 ஆக இருந்தாலும். சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது ஒன்று என்றால் பையன் திண்டாடுவான். 19,000 ரூபாய் லேப்டாப்பின் கீலை நான் பார்க்கவில்லை, நன்றாகவும் இருக்கலாம். ஆனால் தினமும் பையில் திணித்து பஸ்ஸில் போய்வரும் பையனுக்கு இன்னும் நான்கு வருடம் அது ஓட வேண்டும். எட்டாயிரம் மிச்சம் என்று அதை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டி14-ஐ எடுங்கள் என்பேன். அதன் திரை மங்கல்தான், வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் சுருக்க வேண்டியிருக்கும். படம் பார்க்க ஆசைப்படும் வயதில் மகன் முதல் நாளே அதைச் சொல்லிக் காட்டுவான், தெரிந்தே வாங்குங்கள்.

வாங்கும் முன் விற்பவர் எதிரிலேயே அணைத்து, திரும்ப இயக்கி, எஃப்1 பொத்தானை அழுத்தி, விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போகச் சொல்லுங்கள். அங்கே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் "அது ஒன்றும் இல்லை, தட்டிவிட்டால் போய்விடும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும். சார்ஜர் செருகும் டைப்-சி துளையில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள், சார்ஜ் ஏறுவது விட்டு விட்டு வரக்கூடாது. பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. முழுக் கொள்ளளவு வடிவமைப்புக் கொள்ளளவில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால், புது பேட்டரிக்கான பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் சொத்து எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பில்லைக் கேளுங்கள், அதில் வரிசை எண் எழுதியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து வீட்டுக்கு வந்த பிறகு, அடிமூடியைத் திறந்து இரண்டாவது 8 ஜிபி ரேமைப் போட்டுவிடுங்கள். அந்த மாடலில் 8 ஜிபி போர்டோடு ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். திருகுகளை முழுவதும் கழற்ற முயல வேண்டாம், அவை மூடியோடேயே வரும்.